எட்டுக்கு ஒரு கோடு

மூன்றாவது தரம் தகடு ஒட்டியபோது பட்டறையில் அண்ணை இருந்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருக்கிறார். மேடம் இருக்கவில்லை, அவர் பல்கலைக்கழகத்தில். அப்பாவும் இருக்கவில்லை, மயிலிட்டிக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்திருப்பார். நானும் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். போய் வர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பிறகு நடந்தது எல்லாம் அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இருந்துதான் வந்தது.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. கொக்குவிலில் நான் அறை எடுத்து இருந்த வளவின் சொந்தக்காரர், நகை செய்கிறவர். வளவின் முன்பக்கம் மதிலோடு சேர்த்து அவருடைய பட்டறை, பின்பக்கம் என் அறை. ரெயில் போகும் நேரம் தராசுத் தட்டு மெல்ல ஆடும். அவர் நிறுப்பதை நிறுத்திவிட்டு, ரெயில் கடந்து தட்டு அடங்கும் வரை கையைத் தொடையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அக்கா அவருடைய மனைவி. வாடகை வாங்கும் வீட்டில் இரவுச் சாப்பாடும் சேர்த்துத் தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தந்தார்கள். அறைக்குப் போன இரண்டாம் கிழமை, கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் மூடி வைத்த கோப்பை ஒன்று இருந்தது. கேட்டதற்கு, "புட்டு மிஞ்சிப் போச்சு" என்றார் அக்கா. அந்த வீட்டில் இரண்டரை வருடம் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று மிஞ்சிப் போனது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் மட்டும்தான். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டுக்கு விளங்கப்படுத்துவது என் படிப்பிலேயே கடினமான பகுதியாக இருந்தது, அதற்காகச் சொல்கிறேன். ஆகவே இங்கேயும் ஒரு தரம் முயன்று பார்க்கிறேன்.

ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் செப்புத் தகடு ஒன்று. அதே தடிப்பில் வெள்ளித் தகடு ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, பாதித் தடிப்பாக நசுக்க வேண்டும். சரியாக நசுக்கினால் இரண்டும் ஒட்டி ஒரே தகடாகிவிடும். நசுங்கியதில் நீளம் இரண்டு மடங்காகி இருக்கும். குறுக்கே வெட்டி, ஒரு பாதியின் மேல் மற்றப் பாதியை வைத்துத் திரும்பவும் உருளைக்குள் விட வேண்டும். இரண்டு படை நாலாகும், நாலு எட்டாகும். பதினாலாம் தரம் பதினாறாயிரத்துக்கு மேல் படைகள். தகட்டின் தடிப்பு அதே ஒரு மில்லிமீற்றர்தான். ஒரு படைக்கு அறுபது நனோமீற்றர் வரும். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் அப்படி ஆயிரம் படைகளை அடுக்கலாம்.

அவ்வளவு மெல்லிதானால் செம்பும் வெள்ளியும் தங்கள் மென்மையை விட்டுவிடுகின்றன. உலோகம் வளைவது உள்ளே இருக்கும் அணு வரிசைகள் வழுக்குவதால். படை மாறும் எல்லையில் அந்த வழுக்கல் முட்டி நிற்கும். எல்லைகள் கூடக் கூட வழுக்க இடம் இல்லை. உருக்கோடு போட்டி போடும் உறுதி வந்துவிடும், மின்சாரமும் நன்றாகவே ஓடும். ஏன் அப்படி, எத்தனை படை வரைக்கும் அப்படி என்று விளங்கிக்கொள்வதுதான் என் பட்டத்துக்கான ஆய்வு.

எங்களிடம் உருளை மெசின் இல்லை. "நகைக்கடைக்காரரிட்டை இருக்குமே" என்று மேடம்தான் சொன்னார். அவர் என் மேற்பார்வையாளர். நான் ஒவ்வொரு நாளும் அந்த மெசினைக் கடந்துதான் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது என் கண்ணில் படவே இல்லை.

அண்ணையிடம் கேட்டபோது ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "பவுண் போற உருளை தம்பி. இரும்பு மட்டும் கிட்ட வரப்படாது."

தகட்டின் முகத்தை உருக்குக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். அதனால் அந்த வேலையைக் கிணற்றடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு இருந்தது ஒரேயொரு தவணை. மேடத்தின் சிநேகிதி ஒருவர் தெற்கில் ஓர் ஆய்வுகூடத்தில், இவ்வளவு மெல்லிய படையையும் பெரிதாக்கிக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டியைப் பார்த்துக்கொள்கிறார். சிநேகிதத்துக்காக எங்களுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கித் தந்திருந்தார். என் உதவிப்பணம் அந்த வருடக் கடைசியோடு நிற்கும். அதற்குள் ஒட்டி நிற்கிற ஒரு தகடும் அதன் படமும் இல்லாவிட்டால், ஆய்வைக் கட்டி வைத்துவிட்டு வேலை தேட வேண்டியதுதான்.

என்ன செய்கிறேன் என்று விளங்கியவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. அப்பா போனில் கேட்டார்.

"பைபர் வள்ளம் மாதிரித்தானே. பாய் ஒண்டு, பசை ஒண்டு, பாய் ஒண்டு."

"ஓம் அப்பா. ஆனா பசை இல்லை."

"பசை இல்லாமல் எப்பிடியடா நிக்கும்?"

"அமத்துற அமத்திலை நிக்கும்."

"தண்ணியிலை விட்டுப் பாத்தனியோ?"

"உது கடலுக்குப் போறேல்லை அப்பா."

"பிறகேன் செய்யிறாய்" என்றார். பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது.

அண்ணையும் அதையேதான் கேட்டார். "இடையிலை என்ன வைக்கிறாய்?" ஒன்றும் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அவருடைய தொழிலில் இரண்டு துண்டு ஒன்றாகும் இடத்தில் பொடி இருக்கும். வெள்ளியும் செம்பும் நாகம் என்கிற துத்தநாகமும் கலந்து அராவிய பொடி. அதை வெங்காரத்தோடு குழைத்து வைத்து, சுவாலையால் ஊதினால் உருகிப் பிடிக்கும். அதற்குப் பெயர் பத்து வைப்பது. பத்து இல்லாமல் ஒட்டும் என்று சொல்கிறவன் ஒன்றில் பொய்யன், அல்லாவிட்டால் பெடியன்.

முதல் இரண்டு தரமும் தகடு ஒட்டியது. மூன்றாம் தரம் ஒட்டவில்லை. ஒரு நுனி பிடித்திருந்தது, மற்ற நுனி மீன் வாய் மாதிரிப் பிளந்து நின்றது. அதை மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். என் முகம் நன்றாக இருந்திருக்காது.

திரும்பி வந்தபோது தகடு மேசையில் இருந்தது. மூடியிருந்தது. விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. புளியில் போட்டுக் கழுவின நகை மாதிரி மினுங்கியது.

"ஒட்டிட்டுது, பார்" என்றார் அண்ணை, தலை நிமிராமல்.

"எப்பிடி அண்ணை?"

"திருப்பி ஒருக்கா விட்டனான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் சரி. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினொரு தரம் வழியில் ஒரு தடையும் இல்லை. விளிம்பு வெடித்தால் வெட்டி எடுத்தோம். பதினாலும் முடிந்த அன்று அக்கா வடை சுட்டார்.

தெற்கில், அந்த ஆய்வுகூடத்தில், மேடத்தின் சிநேகிதி எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுத் தந்தார். அவர் சிங்களவர். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்தோம், என் ஆங்கிலம் அவருடைய பொறுமையில் நடந்தது. திரையில் கோடுகள் வந்தன. வெளிர், கருமை, வெளிர், கருமை. நான் உருளையில் நசுக்கிய ஒரு துண்டுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கும் என்று நம்பவே முடியவில்லை. அவர் என் தோளில் தட்டினார்.

பிறகு பேனையின் பின்பக்கத்தால் திரையைத் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் சேராத மெல்லிய கோடு ஒன்று. சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகும் ஒன்று. அந்த இடத்தில் என்ன மூலகம், எந்த உலோகம் இருக்கிறது என்று கருவியில் பார்த்தார். நாகம்.

நான் நாகம் போடவில்லை.

இரண்டு கோடுகளுக்கு நடுவே படைகளை எண்ணினேன். எட்டு. அடுத்ததை எண்ணினேன். எட்டு. எங்கே எண்ணினாலும் எட்டுத்தான். எட்டுப் படை இருந்தது மூன்றாம் தரம். அன்றைக்கு நடுவில் போன ஒரு கோடு, நான் வெட்டி அடுக்கும் ஒவ்வொரு முறையும் தகட்டோடு சேர்ந்து தானும் இரட்டித்து, இப்போது இரண்டாயிரத்துச் சொச்சமாகி இருக்கிறது. மூன்றாம் தரம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டும் படம் எடுத்தால் அது அப்பழுக்கில்லாத படம். யாரும் கேட்கப் போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. சாப்பாட்டு நேரம் முழுவதும் இருந்தது. கடைசியில் வாசலுக்குப் போய் மேடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

மேடம் முதலில் கேட்டது இதைத்தான். "ஆர் வைச்சது எண்டு தெரியுமோ?"

"தெரியும் மேடம்."

"கோவமோ?"

"இல்லை மேடம். என்ரை முகத்தைப் பாத்துத்தான் வைச்சிருப்பார்."

"அப்ப வந்து அவரிட்டைக் கேள். என்ன பொடி, எவ்வளவு, எவ்வளவு நேரம் சூடு. எல்லாத்தையும் எழுதி எடு. உந்தத் தகட்டை எறிஞ்சு போடாதை." பிறகு, "இன்னொரு நாள் கேட்டுப் பாக்கிறன்" என்றார். சிநேகிதி ஆறு கிழமை தள்ளி ஒரு சனிக்கிழமை தந்தார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை நாள் என்று பிறகுதான் அறிந்தேன்.

கொக்குவிலுக்கு வந்து அறையில் பையைக்கூட வைக்காமல் பட்டறைக்குப் போனேன். அண்ணை ஒரு தோட்டுக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் வகுப்புக்குப் போன நேரம் இடையிலை ஏதும் வைச்சனீங்களோ?"

"ஏன், பிரிஞ்சு போச்சோ?"

"பிரியேல்லை."

"பிறகென்ன?"

"அதுதான் அண்ணை பிரச்சினை."

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் அண்டைக்கே சொன்னனான், பெடியனிட்டைச் சொல்லுங்கோ எண்டு."

அண்ணை கல்லைக் கிண்ணத்தில் போட்டார். "கண்டுபிடிச்சிட்டாங்களோ?"

"ரெண்டாயிரம் இடத்திலை."

"நான் ஒரு இடத்திலைதானே வைச்சனான்."

இரட்டிக்கிற கணக்கைச் சொன்னேன். அவர் விரலில் எண்ணத் தொடங்கி, ஐந்தாறு தரம் மடித்ததும் நிறுத்திவிட்டார். அவருடைய காது சிவந்திருந்தது. "என்ரை பட்டறையிலை ஒட்டாத தகடு ஒண்டு மேசையிலை கிடந்தது தம்பி. ஆரும் வந்து பாத்திருந்தா என்ன நினைப்பினம்? நீயும் செத்த வீட்டுக்குப் போறவன் மாதிரிப் போனாய். ஒரு சிட்டிகைதான் வைச்சனான்."

நான் சொல்ல வேண்டிய ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. கிணற்றடியில் தேய்த்து, அசற்றோனால் துடைத்து நான் கொண்டுவரும் தகட்டை, உருளைக்குள் விட முதல் அண்ணை ஒவ்வொரு தரமும் வாங்கி, பெருவிரலால் நீளத்துக்குத் தடவிப் பார்ப்பார். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் உருளைக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிற கை அது. அந்த ஒரு தடவலோடு என் கழுவல் எல்லாம் போய்விடலாம். மற்றத் தரங்களில் கையில் எண்ணெய் குறைவாக இருந்து தப்பினோம், மூன்றாம் தரம் தப்பவில்லை. முதல் நாளே கண்டேன். அவருடைய பட்டறை, அவருடைய மெசின், அவர் வீட்டுச் சோறு. கையை எடுங்கோ அண்ணை என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்குச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். தேய்த்த முகத்தில் ஒரு கடினமான தோல் இருக்கிறது, உருளை நசுக்கும்போது அந்தத் தோல் வெடிக்கிறது, வெடிப்புக்குள்ளால் யாரும் தொடாத புது உலோகம் பிதுங்கி வந்து எதிர்ப்பக்கத்துப் புது உலோகத்தைத் தொடுகிறது. நடுவில் எண்ணெய் இல்லை, காற்றும் இல்லை என்றால் அவற்றைப் பிரித்து வைக்க ஒன்றும் இல்லை.

அண்ணை தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒட்டாமல் பண்ணினதும் நான்தான், ஒட்ட வைச்சதும் நான்தான்."

"தடவிப் பாக்காட்டி இவருக்குச் சோறு வெந்ததும் தெரியாது" என்றார் அக்கா.

சனிக்கிழமைக்கு முன் வகுப்பு இல்லாமல் எனக்குக் கிடைத்த நாலு நாளும் கல்யாண மாதத்தில் விழுந்தன. அண்ணை பட்டறைக் கதவைப் பாதி சாத்தினார். வந்தவர்களுக்கு எல்லாம் "திங்கள் வாங்கோ" என்றார். தாலிக்கொடி செய்ய வந்த ஒரு தகப்பன் திங்கள் வரவில்லை. வேறிடம் போய்விட்டார்.

உருளையில் எண்ணெய் இல்லாமல் துடைத்தோம். நான் கிணற்றடியில் தேய்த்து, துடைத்து, நாலு மூலையும் மெல்லிய செப்புக் கம்பியால் கட்டி, ஓடி வருவேன். இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே போக வேண்டும். அண்ணை மெசினைப் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த ஒழுங்கைச் செய்தது அக்கா. முதல் நாள் கை தானாக நீண்டபோது, அதில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "இதைத் தடவுங்கோ."

மூன்றாம் தரம் வந்தது. தகடு மறுபக்கம் வந்து விழுந்தது. நான் நகத்தை வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. அண்ணையிடம் நீட்டினேன், இனித் தொடலாம் என்று. அவர் விளிம்பை நீளத்துக்குத் தடவினார், திருப்பினார், மறுபடி தடவினார்.

"ஒண்டுமே வைக்கேல்லை" என்றார், தனக்குத் தானே.

பத்தாம் தரம் வெளியே வந்த தகட்டில் ஒரு மயிர்க்கோடு கண்டேன். சற்றுத் தள்ளி அதே கோடு மறுபடி இருந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றும் நீளத்துக்கு ஒன்று. என் தூரிகையின் உருக்குக் கம்பி ஒன்று தகட்டோடு ஒட்டிப் போய் உருளையில் பதிந்திருக்கிறது. பவுண் போகிற உருளை. இனி அவர் இழுக்கும் ஒவ்வொரு தகட்டிலும் அந்தக் கோடு விழும்.

"அண்ணை, உருளையிலை..."

"தெரியும்."

"எப்ப?"

"ஒன்பதிலை. டிக் எண்டு கேட்டது."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டுவாய். நிப்பாட்டினா சனிக்கிழமை போகும்." கோப்பையை மேசையில் வைத்தார். "நான் பொடி வைச்சு உன்னைக் கெடுத்தன். நீ கம்பி வைச்சு என்னைக் கெடுத்தாய். இன்னும் நாலுதானே, தேய்ச்சுக்கொண்டு வா."

கிணற்றடிக்குப் போன பிறகு தேய்க்கத் தொடங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சனிக்கிழமை திரையில் வெளிரும் கருமையும் மட்டும் வந்தன. எண்ணினேன், இருநூறு வரை எண்ணினேன், மூன்றாவது ஒன்று வரவில்லை. படத்தைப் போனில் அண்ணைக்கு அனுப்பினேன். குரல் பதிவு ஒன்று வந்தது. "அந்தக் கோடு இல்லையோ?" பின்னால் ரெயில் போகிற சத்தம். இல்லை என்று எழுதினேன். அப்பாவுக்கும் அனுப்பினேன். பசை இல்லாமல் நிற்கிறதா என்று ஒரு தரம் கேட்டு, நிற்கிறது என்றதும், "அப்ப வள்ளத்துக்கும் ஒருக்காப் பாப்பம்" என்றார்.

மேடம் சொன்னபடி முதல் தகட்டையும் ஆய்வில் சேர்த்தேன், பொடியின் அளவோடும் சூட்டோடும். இழுத்துப் பார்த்தபோது அது பிரிந்தது எப்போதும் அந்த எட்டாவது எல்லையில். மற்ற எல்லைகள் எவ்வளவு உறுதி என்று அதை வைத்துத்தான் என்னால் காட்ட முடிந்தது. அண்ணையின் ஒரு சிட்டிகைக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது. உதவிப்பணம் முடிவதற்குப் பதினொரு நாள் முன்பு ஆய்வைக் கையளித்தேன். நன்றி சொல்லும் பக்கத்தில் அண்ணையும் அக்காவும் முதலாவது. மேடம் தன்னை மூன்றாவதாக வைத்ததைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

செலவை எழுதித் தந்தால் பல்கலைக்கழகத்திடம் ஒரு பகுதியாவது கேட்டு எடுக்கலாம் என்றும் மேடம் சொன்னார். அண்ணையிடம் கேட்டேன். "உதென்ன கதை" என்று கல்லைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அக்காதான் கலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கத்தைக் கொண்டுவந்தார். இரண்டு தகட்டுக்கும் போன வெள்ளி, செம்பு, தூரிகைகள், அசற்றோன், தெற்குக்கு இரண்டு தரம் பஸ், உருளைகளைக் கடைச்சல் பட்டறைக்குக் கொடுத்துத் திரும்ப மினுக்கின கூலி, எல்லாம் அந்த வீட்டிலிருந்து போனவை. நாலு நாள் வேலை என்று அக்கா எழுதியிருந்த ஒரு வரியை அண்ணையின் பேனை தடிப்பாக வெட்டியிருந்தது. விண்ணப்பத்தில் உருளைக்குத் தலைப்பு ஏதும் இல்லை. வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு இல்லை, அது அண்ணையின் மேசை லாச்சியிலிருந்து வந்த வெள்ளி. நான் படிவத்தை நிரப்பாமலே விட்டேன். அப்பா கணவாய் விற்ற காசில் பாதியைத் தந்தார், மற்றப் பாதியை வேலை கிடைத்த முதல் மூன்று மாதத்தில் நான் கொடுத்தேன். அக்கா வாங்க மறுத்து, பிறகு நான் அழுவேன் என்று பயந்து வாங்கினார். வெட்டிய அந்த வரியைச் சேர்க்காமல், தாளின் அடியில் அவர் இரண்டு தரம் கூட்டிச் சரிபார்த்து எழுதியிருந்த தொகை நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபா.